புதுப்பிப்பு: டிரான்ஸ்மிட்டரில் நின்ற அந்த வேண்டாத முள்

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேனே, என் ரேடியோ டிரான்ஸ்மிட்டரில் 2450 மெகாஹெர்ட்ஸுக்கு 1 மெகாஹெர்ட்ஸ் மேலே ஒரு டோன் (ஒற்றை அதிர்வெண் சிக்னல்) அனுப்பினால், 2450-லேயே ஒரு முள்ளும் (வேண்டாத கூர்மையான சிக்னல்) 2449-ல் டோனின் ஒரு நிழலும் சேர்ந்து வருகிறது என்று. பவர் சப்ளையை மாற்றச் சொன்னீர்கள். மாற்றினேன், இரண்டும் அசையவில்லை.

நிழல் சீக்கிரம் பிடிபட்டது. சிக்னலைச் சுமக்கும் ஐ, க்யூ என்ற இரண்டு பாதைகளின் அலைகள் ஒன்றுக்கொன்று சரியாக 90 டிகிரி விலகியிருக்க வேண்டும். 1 டிகிரி பிசகினாலே நிழல் அசல் டோனைவிட சுமார் 41 டெசிபல் தாழ்வோடு நின்றுவிடும், அதற்குக் கீழே இறங்காது. எஃப்பிஜிஏ-வில் (நாமே உள்சுற்றை அமைத்துக்கொள்ளும் டிஜிட்டல் சிப்) அலைகளை அனுப்பும் முன்பே எதிர்ப்பிசகு சேர்த்துவிட்டேன், முடிந்தது.

நடு முள்தான் படுத்தி எடுத்தது. சிக்னலை 2450-க்கு ஏற்றும் மிக்சருக்குள் போகும் துளி டிசி ஆஃப்செட் (வேண்டாத நிலையான மின்னழுத்தம்), 2450 அலையைத் தரும் லோக்கல் ஆசிலேட்டரைக் கசிய விடுகிறது. எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் டாக்குக்குப் போகும் எண்ணோடு ஒரு சின்ன எண்ணைக் கூட்டி, ஒவ்வொரு படியாக நகர்த்தி, ராத்திரி பதினொரு மணிக்கு முள்ளை இரைச்சலுக்குள் புதைத்தேன். மறுநாள் மதியம் பார்த்தால் பழையபடி தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது!

என் அறை காட்பாடியில் மொட்டைமாடிக்குக் கீழே. வேலூர் வெயில் தெரியாதா? மிக்சர் ஐசி மேல் விரல் வைக்க முடியவில்லை. ஹேர் டிரையரால் சூடேற்றினேன், முள் எழுந்தது. அம்மாவின் பனையோலை விசிறியால் வீசினேன், தணிந்தது. ஆக, வெப்பத்தோடு ஆஃப்செட்டும் நகர்கிறது.

இப்போது பக்கத்தில் ஒரு வெப்ப சென்சார், 5 டிகிரிக்கு ஒரு திருத்த எண் என்று அட்டவணை. மூன்று மதியம் தாங்கிவிட்டது. ஆன்டெனா இன்னும் மாட்டவில்லை, அதற்குப் பதில் சக்தியை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடில்தான் ஓடுகிறது.