எகிப்தியப் படங்களில் தனிமை: வசதியுள்ள ஆண்களின் சோகம்தானா?

நைல்கரை: தாவூத் அப்தெல் சயீதின் ‘கடலிலிருந்து கடிதங்கள்’ (2010), தாமர் எல் சயீதின் ‘நகரத்தின் கடைசி நாட்களில்’ (2016) இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். ஒன்றில் திக்குவாய் டாக்டர் யஹியா தொழிலை விட்டுவிட்டு அலெக்சாண்டிரியாவில் மீன் பிடிக்கிறான், ராத்திரியில் யாருடைய வீட்டுக்கோ வெளியே நின்று பியானோ கேட்கிறான். இன்னொன்றில் இயக்குநர் காலித் முடியாத படத்தை வைத்துக்கொண்டு கெய்ரோவில் வீடு தேடி அலைகிறான். அழகுதான், ஆனால் வேலையை உதறிவிட்டுத் தனிமையை ரசிக்க எத்தனை பேருக்கு முடியும்?

பழையரீல்: ரசிக்கிறானா? காலித்தின் அம்மா ஆஸ்பத்திரியில், காதலி ஊரைவிட்டுப் போகிறாள், தெருவில் போராட்டமும் போலீஸும். 2011இல் அதிபர் முபாரக் ஆட்சி விழுவதற்குச் சற்று முன்பு எடுத்த காட்சிகள் அவை. பெர்லின் திரைப்பட விழாவில் திரையிட்ட படத்தை 2016இல் கெய்ரோ திரைப்பட விழா பட்டியலிலிருந்து தூக்கியது. வெறும் பணக்காரப் புலம்பலுக்கு யார் இவ்வளவு பயப்படுவார்கள்?

நைல்கரை: தடை செய்ததாலேயே படம் ஆழமாகிவிடாது, சார்.

தறிச்சத்தம்: நீங்கள் இருவரும் ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். முகமது கான் எடுத்த ‘தொழிற்சாலைப் பெண்’ பாருங்கள். ஹியாம் துணி ஆலையில் வேலை செய்யும் 21 வயதுப் பெண், புதிதாக வந்த சூப்பர்வைசர் சலாஹ்மேல் ஆசைப்படுகிறாள். ஆலையில் யாரோ போட்ட கர்ப்பப் பரிசோதனைப் பட்டை கிடைக்கிறது, பழி இவள்மேல் விழுகிறது. இவள் மறுத்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. சொந்தப் பாட்டியே முடியை வெட்டுகிறாள். சுற்றிலும் அத்தனை பெண்கள், அம்மா, தோழிகள், ஆனாலும் அவளை ஒருத்தரும் நம்பவில்லை. தனியாக இருக்க ஓர் அறைகூட இல்லாதவளின் தனிமை இது, கடற்கரையில் நின்று பெருமூச்சு விடுகிற ரகம் இல்லை.

பழையரீல்: சரி, ஆனால் கடைசியில் ஹியாம் அந்த சலாஹ் கல்யாணத்தில் போய் ஆடுகிறாளே? ஹியாமாக யாஸ்மின் ரயீஸ் பிரமாதமாக நடித்தார், மறுக்கவில்லை. அப்படியொரு பெண்ணை நிஜத்தில் அந்த மண்டபத்துக்குள் நுழையவே விடமாட்டார்கள். உங்களுடையதும் கனவுதான்.

தறிச்சத்தம்: கனவாகவே இருக்கட்டும். படம் முழுக்க எகிப்திய நடிகை சுஆத் ஹோஸ்னியின் பாட்டு ஓடுகிறது, படமே அவருக்குத்தான் சமர்ப்பணம். அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த பெண் ஆடித்தான் கணக்குத் தீர்ப்பாள், வேறு எப்படித் தீர்ப்பாள்? யஹியா காதலித்த நோராவுக்கு அவளுக்கென்று என்ன கனவு இருந்தது, முதலில் அதைச் சொல்லுங்கள்.

நைல்கரை: அதற்கு என்னிடம் பதில் இல்லை, பழையரீல் சொல்லட்டும்.