டிவிடியில் பதிவு செய்த கச்சேரி கட்டம் கட்டமாக உடைகிறது: உதவி தேவை

மார்கழிப்பனி:
வணக்கம். தொலைக்காட்சியில் வரும் இசைவிழாக் கச்சேரிகளை டிவிடி ரெக்கார்டரில் பதிவு செய்து வருகிறேன். ஒளிபரப்பாகும்போது தெளிவாக இருக்கும் படம், வட்டில் போட்டுப் பார்த்தால் கட்டம் கட்டமாக உடைகிறது. சபாவுக்குப் போக முடியாத என் பாட்டிக்காகவே பதிவு செய்கிறேன். நாளை மாலையும் ஒரு கச்சேரி இருக்கிறது. தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

ஆண்டெனா:
கேபிள் இணைப்பா, டிஷ்ஷா? ரெக்கார்டருக்கு எந்தக் கம்பி வழியாகப் படம் போகிறது? பதிவு முறை, அதாவது ஒரு வட்டில் எவ்வளவு நேரம் அடைப்பது என்ற அமைப்பு, எக்ஸ்பியா, எஸ்பியா, எல்பியா?

வட்டத்தகடு:
மலிவான வட்டுகளை வாங்கியிருப்பீர்கள். நல்ல நிறுவனத்தின் வட்டுக்கு மாறினால் படம் தானாகத் தெளிந்துவிடும்.

பழையரசிகர்:
கருவியுடன் வந்த கையேட்டை முதலில் படித்துவிட்டுக் கேட்பதே முறை. பதிவு நேரத்துக்கும் தரத்துக்கும் உள்ள தொடர்பு அதில் அட்டவணையாகவே இருக்கும். ஒரு வரிக் கேள்விக்குப் பத்துப் பேர் ஊகம் சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

மார்கழிப்பனி:
விவரங்களை விட்டதற்கு மன்னிக்கவும். டிஷ் இணைப்புதான், செட்-டாப் பெட்டியிலிருந்து ரெக்கார்டருக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகள் போகின்றன. விளம்பரங்களோடு மூன்று மணி நேரம் ஆவதால், ஒரே வட்டில் அடங்க எல்பியில் வைக்கிறேன். பாடகியின் புடவை ஜரிகையில் வானவில் நிறங்கள் மினுங்குவதையும் சொல்ல மறந்துவிட்டேன்.

ஆண்டெனா:
அப்படியானால் உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு.

கட்டங்களுக்குக் காரணம் எல்பி. 4.7 ஜிபி வட்டில் எக்ஸ்பி ஒரு மணி நேரமும், எஸ்பி இரண்டு மணி நேரமும், எல்பி நான்கு மணி நேரமும் கொள்ளும். நான்கு மணி நேரத்தை அடைக்க, வினாடிக்குச் சுமார் 2.5 மெகாபிட் தகவல்தான் படத்துக்குக் கிடைக்கும். எஸ்பியில் அது ஏறக்குறைய இரு மடங்கு. போதாக்குறைக்குப் பல ரெக்கார்டர்கள் எல்பியில் படத்தின் 720 புள்ளி அகலத்தை 352 ஆகக் குறைத்துவிடுகின்றன. பாடகி அசையாமல் ஆலாபனை செய்யும்போது படம் நன்றாகவே இருக்கும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரரின் விரல்கள் பறக்கும்போதுதான் உடையும். கவனித்துப் பாருங்கள்.

ஜரிகை மினுக்கத்துக்குக் காரணம் மஞ்சள் கம்பி. அதில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வருவதால், ஜரிகைபோன்ற நுண்ணிய கோடுகளை ரெக்கார்டர் நிறமென்று தவறாகப் பிரிக்கிறது. பெட்டியின் பின்னால் நான்கு ஊசித் துளைகள் கொண்ட வட்டமான எஸ்-வீடியோ வாய் இருந்தால், மஞ்சளைக் கழற்றிவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். ஒலி அதில் வராது. சிவப்பும் வெள்ளையும் இருக்கட்டும்.

பதிவு செய்யாமல், ரெக்கார்டர் வழியாக ஒளிபரப்பைப் பார்த்தும் சோதிக்கலாம். அப்போதே வானவில் தெரிந்தால் குறை கம்பியில் அல்லது ஒளிபரப்பில். கட்டங்கள் பதிவுக்குப் பிறகு மட்டும் தெரிந்தால் குறை பதிவு முறையில்.

வட்டத்தகடு:
வட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே. என் பழைய வட்டுகள் இரண்டே ஆண்டுகளில் இறுதிப் பகுதியில் நின்று நின்று ஓடுகின்றன.

பழையரசிகர்:
நின்று ஓடுவது வேறு, மங்கலாவது வேறு. வட்டில் எழுதப்படுவது எண்கள். மோசமான வட்டில் அவற்றைப் படிக்க முடியாமல் படம் உறையும், தாவும். ஜரிகையின் நிறம் மாறாது.

வட்டத்தகடு:
பாட்டிக்காகச் சேமிப்பவர் பத்தாண்டு கழித்தும் பார்க்க விரும்ப மாட்டாரா? அதற்காகத்தான் சொல்கிறேன்.

ஆண்டெனா:
நெடுநாள் சேமிப்புக்கு நீங்கள் சொல்வது மிகச் சரி. நாளைய கச்சேரிக்கு அவசரம் வேறு. ரெக்கார்டருக்குள் ஹார்டு டிஸ்க் இருக்கிறதா? இருந்தால் முதலில் அதில் எக்ஸ்பியில் பதிந்து, விளம்பரங்களை வெட்டிவிட்டு, மீதி நேரத்துக்கு ஏற்ற முறையில் வட்டுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் எஸ்பியில் வைத்து, விளம்பர இடைவேளையில் இரண்டாவது வட்டுக்கு மாறுங்கள். ஒரு வட்டு கூடுதலாகச் செலவானாலும் படம் பிழைக்கும்.

மார்கழிப்பனி:
ஹார்டு டிஸ்க் இல்லை. ரிச்சி தெருவில் எஸ்-வீடியோ கம்பி வாங்கி, எஸ்பியில் இரண்டு வட்டுகளில் பதிந்தேன். ஜரிகை இப்போது ஜரிகையாகவே தெரிகிறது. தனி ஆவர்த்தனத்தில் மட்டும் விரல்கள் லேசாக உடைகின்றன. பாட்டி இரண்டாவது வட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மிக்க நன்றி.