புதுப்பிப்பு: அப்பாவுக்கு பிசிஜி ஆறு வாரம் முடிந்தது
அப்பாவுக்கு வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தது, சிறுநீர்ப்பையில் இருந்த புற்றுநோய்க் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள், தசைக்குள் இறங்கவில்லை ஆனாலும் வீரியமான வகை. சிறுநீர்ப்பையையே எடுத்துவிடலாமா, பிசிஜி மருந்து போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மறுபடி ஒருமுறை சுரண்டிப் பார்த்தார்கள். தசை சுத்தம். அதனால் பிசிஜிதான் என்று முடிவெடுத்தோம்.

பிறந்த குழந்தைக்குக் காசநோய்க்காகப் போடும் அதே பிசிஜிதான். 1976இலேயே கனடாவில் மொராலெஸ் என்ற மருத்துவர் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இதன் பலனை எழுதிவிட்டார். கையில் ஊசி இல்லை. மெல்லிய குழாய் வழியாக நேரே பைக்குள் விடுகிறார்கள். வாரம் ஒருமுறை. இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். அப்பாவுக்கு அதுதான் பெரும்பாடு, நாலாவது வாரம் எரிச்சலில் துடித்துவிட்டார். அன்று ராத்திரி லேசான காய்ச்சல், மறுநாள் சரியாகிவிட்டது. காய்ச்சல் கூடினாலோ நீடித்தாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள். மருந்தில் உயிருள்ள கிருமி இருப்பதால் ஆறு மணி நேரம் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் ஊற்றி, கால்மணி நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்றினோம்.

மூன்றாம் மாத கேமரா பரிசோதனையில் கட்டி இல்லை! அடுத்து, கட்டி திரும்ப வராமல் இருக்கப் பராமரிப்பு டோஸ், வாரம் ஒன்றாக மூன்று. பீடியையும் விட்டுவிட்டார்.