மாகாண சபைகளுக்கு முதலில் தேர்தலா, புதிய அரசியலமைப்பா?

வெள்ளவத்தைக் கதிர்:

விவாதத்தைத் தொடக்குபவன் என்ற முறையில் என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மாகாண சபைத் தேர்தலை உடனே நடத்துமாறு இலங்கைப் பாராளுமன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டும் என்று நம்மவர்களில் ஒரு சாரார் கேட்கிறார்கள். புதிய அரசியலமைப்பு வரும்வரை அந்தப் பேச்சே வீண் என்கிறார்கள் மற்றச் சாரார். இரண்டுமே காலத்தைக் கடத்தும் பேச்சு என்பது என் எண்ணம். மாகாண சபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 2014 செப்டெம்பரில், ஊவாவில். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தேர்தலுக்குக் குறுக்கே நிற்பது அரசியலமைப்பு அல்ல. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்.

அந்தச் சட்டம் வந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு இடம் ஒதுக்கவென்று கொண்டுவரப்பட்ட சட்டமூலத்தில், குழுநிலையில், அதாவது சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாக ஆராயும் கட்டத்தில், பக்கம் பக்கமாகத் திருத்தங்களைச் செருகி, தேர்தல் முறையையே தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறையாக மாற்றினார்கள். புதிய தொகுதிகளை வகுத்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை, எதிராக 139. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பிறகு பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் அறிக்கை தர வேண்டியிருந்தது, தரவில்லை. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. பழைய விகிதாசார முறைக்குத் திரும்பும் ஒரு சிறிய சட்டமூலம் இந்த முடிச்சை அவிழ்த்துவிடும். அதற்கு அரசியலமைப்பில் ஓர் எழுத்தையும் தொட வேண்டியதில்லை.

பம்பலப்பிட்டி நிலா:

கதிர் அண்ணா, நீங்கள் தந்த வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. அதிலிருந்து நீங்கள் வந்தடைந்த முடிவில்தான் மறுப்பு. தேர்தல் நடந்து சபை அமைந்த பின்னர் அந்தச் சபையால் என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடம் இருக்கிறது. மத்திக்கு ஒதுக்கப்பட்ட பட்டியலின் முதல் விடயமே எல்லாத் துறைகளுக்குமான தேசியக் கொள்கை. மாகாணத்துக்கு எதைக் கொடுத்தாலும் அந்த ஒரு வரியைக் காட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

சட்டம் காப்பாற்றிய ஓர் இடத்தையும் சொல்கிறேன், அதன் பின்கதையோடு சேர்த்து. 2012இல் வறுமை ஒழிப்புப் பணிகளை மத்தியின் ஒரு திணைக்களத்தின் கீழ் கொண்டுவரும் வாழ்வின் எழுச்சிச் சட்டமூலம், அதாவது திவிநெகும, வந்தபோது, மாகாண சபைகளின் கருத்தைக் கேட்காமல் அதை நிறைவேற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. வடக்கில் அப்போது சபையே இல்லாததால் ஆளுநர் சம்மதம் கொடுத்தார். மக்கள் தெரிவு செய்த சபையின் இடத்தில் ஆளுநர் நிற்க முடியாது என்று நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. அடுத்து நடந்தது என்ன? 2013 ஜனவரி 11ஆம் திகதி, அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கிய பிரதம நீதியரசரைப் பதவி நீக்கும் தீர்மானம் 155க்கு 49 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அத்திவாரம் இப்படி ஆடிக்கொண்டிருக்கையில் கதவுக்கு வர்ணம் பூசுவதில் எனக்கு ஆர்வமில்லை. 2024 நவம்பர் தேர்தலில் ஆளும் தரப்பு 225இல் 159 ஆசனங்களைப் பெற்றது. விகிதாசார முறை வந்த பிறகு ஒரே அணி 150ஐத் தனியாகத் தாண்டியது அதுவே முதல் தடவை. மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்காக எவர் வாசலிலும் நிற்க வேண்டாத ஒரு பாராளுமன்றத்திடம், புதிய அரசியலமைப்பைக் கேட்காமல், தேர்தல் சட்டத்தை மட்டும் பழையபடி ஆக்கித் தாருங்கள் என்று கேட்பதா?

வெள்ளவத்தைக் கதிர்:

தங்கை, நீங்கள் எடுத்துக் காட்டிய வழக்கே என் பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறது. மாகாண சபைகள் பற்றிய அத்தியாயத்தைத் திருத்தும் எந்தச் சட்டமூலத்தையும் ஜனாதிபதி ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். ஒரு சபையாவது உடன்படாவிட்டால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை. இன்று ஒன்பது மாகாணங்களில் ஒன்றிலேனும் சபை உண்டா? புதிய அரசியலமைப்பில் மாகாணங்களுக்கு இருப்பதையும் குறைக்க நினைத்தால், அதைத் தடுக்கவோ, குறைந்தபட்சம் எதிர்ப்பைப் பதிவு செய்யவோ சட்டப்படி உரிமையுள்ள மன்றம் எதுவும் இல்லை. வெற்று நாற்காலிகளோடு பேச்சுவார்த்தைக்குப் போக வேண்டும் என்கிறீர்கள். நான் முதலில் நாற்காலியில் ஆளை அமர்த்துவோம் என்கிறேன்.

கொட்டாஞ்சேனை மொழிபெயர்ப்பாளன்:

ஓய்வு பெறும்வரை சட்ட ஆவணங்களைத் தமிழாக்கியவன் என்ற உரிமையில் நடுவே நுழைகிறேன்.

முதலில் கதிருக்கு ஒரு திருத்தம். தீர்மானம் என்றாலே வெறுங்காகிதம் என்று தள்ளிவிடாதீர்கள். பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் முன்வைத்து நிறைவேறும் பொதுவான பிரேரணை அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது என்பது சரி. ஆனால் ஒரு சட்டமே தீர்மானத்துக்கு வலுவைக் கொடுத்திருந்தால் கதை வேறு. 2025 ஓகஸ்டில் பொலிஸ் மா அதிபரைப் பதவி நீக்கியது ஒரு தீர்மானம்தான். நீங்கள் குறிப்பிட்ட எல்லை நிர்ணய அறிக்கையைப் புதைத்ததும் பாராளுமன்றத்தின் வாக்கெடுப்புத்தான்.

இப்போது நிலாவுக்கு. மகளே, புதிய அரசியலமைப்பு என்று நீங்கள் எழுதும்போது எனக்கு 2016 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு மார்ச் 9ஆம் திகதி பாராளுமன்றம் ஒரு தீர்மானத்தின் மூலம் தன்னை அரசியலமைப்புப் பேரவையாக மாற்றிக்கொண்டது. ஆறு உபகுழுக்கள் அமைந்தன. 2017 செப்டெம்பரில் இடைக்கால அறிக்கை வந்தது. நாடு எத்தகையது என்பதைச் சொல்ல சிங்களத்தில் ‘ஏகிய ராஜ்ய’ என்றும் தமிழில் ‘ஒருமித்த நாடு’ என்றும் அதில் எழுதியிருந்தார்கள். அன்றிரவு நான் தூங்கவில்லை என்றால் நம்புவீர்களா? ‘ஏகிய’ என்ற சொல்லுக்கு 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் தமிழ் வடிவம் வைத்திருந்த சொல் ‘ஒற்றையாட்சி’. சிங்களச் சொல் அப்படியே இருக்கிறது, தமிழ்ச் சொல் மட்டும் மாறியிருக்கிறது. தெற்கில் எதுவும் மாறவில்லை என்று சொல்லவும், வடக்கில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லவும் ஒரே வரியில் இடம் வைத்திருந்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்திருக்கலாம். ஆனால் சட்டங்களின் கடைசிப் பிரிவை எத்தனை முறை தமிழாக்கியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே முரண்பாடு ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கி நிற்கும். ஒவ்வொரு தடவையும், நான் எழுதிய தமிழ் செல்லாது என்று நானே எழுதிக் கொடுத்ததாகத்தான் மனதில் படும். நாளை நீதிமன்றத்தில் ‘ஒருமித்த’ என்ற சொல்லுக்கு அதே கதி வந்தால் என்ன செய்வீர்கள்? சொல்லில் இணக்கம் காணாத அரசியலமைப்பை விட, பொருள் விளங்கும் சிறிய திருத்தம் மேல்.

மருதானை றியாஸ்:

நீங்கள் மூவரும் கொழும்பில் இருந்துகொண்டு வடக்கையும் கிழக்கையும் பற்றியே பேசுகிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை, ஆனால் மேல் மாகாணத்தில் வாழும் தமிழ் பேசும் மக்களுக்கு மாகாண சபை என்றால் முதலில் தேர்தல் முறைதான். நாங்கள் ஒரு தெருவில் செறிந்தும் அடுத்த தெருவில் சிதறியும் வாழ்பவர்கள். தொகுதிக் கோட்டை எங்கே இழுக்கிறார்கள் என்பதில் எங்கள் பிரதிநிதி இருப்பதும் இல்லாமல் போவதும் தங்கியிருக்கிறது. மாவட்ட விகிதாசாரத்தில் சிதறிய வாக்குகளும் ஒன்று சேரும். 2018இல் அந்த அறிக்கை தோற்றபோது நான் மகிழ்ந்தேன். தேர்தலும் அதோடு சேர்ந்து புதைந்துபோகும் என்று அப்போது தெரியவில்லை. கதிர் அண்ணனின் சிறிய சட்டமூலத்துக்கு என் ஆதரவு உண்டு.

ஆனால் திருத்தம் எழுதப்பட்டால் போதும் என்ற நினைப்பில் எனக்கு நம்பிக்கை குறைவு. தமிழும் அரச கரும மொழி என்று 13ஆம் திருத்தம் 1987இல் சொன்னது. நிர்வாக மொழி பற்றிய ஏற்பாடுகளை 1988இல் 16ஆம் திருத்தம் விரித்தது. அண்மையில் தொலைந்த அடையாள அட்டைக்காக ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். தமிழில் சொன்னேன், சிங்களத்தில் எழுதினார்கள், எனக்கு வாசிக்கத் தெரியாத பக்கத்தின் அடியில் கையெழுத்திட்டு வந்தேன். பேனையைக்கூட அவர்தான் தந்தார்.

பம்பலப்பிட்டி நிலா:

றியாஸ் நானா, அந்தக் கையெழுத்துத்தான் என் வாதம். உரிமை எழுத்தில் இருக்கிறது, அதை மீறினால் யார் பதில் சொல்வது என்பது எழுத்தில் இல்லை. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் பின்னர் மீளாய்வு செய்ய முடியாது என்ற ஏற்பாட்டை இதோடு சேர்த்துப் பாருங்கள். குழுநிலையில் செருகிய திருத்தங்களை எவராலும் கேள்வி கேட்க முடியாமல் போனதற்கும் அதுவே காரணம். நிறைவேறிய பின் மீளாய்வு செய்யும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுக்க அரசியலமைப்பைத்தான் தொட வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் ஐயா சொன்ன சொற்சிக்கலை ஏற்கிறேன். அதனால்தான் பின்கதவால் ஒரு சொல்லை நுழைக்காமல், மக்களிடம் நேரே கேட்டுச் சர்வசன வாக்கெடுப்போடு மாற்ற வேண்டும் என்கிறேன்.

கொட்டாஞ்சேனை மொழிபெயர்ப்பாளன்:

இந்த நாட்டில் சர்வசன வாக்கெடுப்பு ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது, மகளே. 1982 டிசெம்பர் 22. விளக்குக்கு வாக்களித்தால் இருந்த பாராளுமன்றம் தேர்தல் இல்லாமல் இன்னும் ஆறு ஆண்டு தொடரும், குடத்துக்கு வாக்களித்தால் தொடராது. நான் குடத்துக்குப் புள்ளடியிட்டேன். விளக்கு வென்றது.

வெள்ளவத்தைக் கதிர்:

நிறைவேறிய சட்டத்தை மீளாய்வு செய்யும் அதிகாரம் வேண்டும் என்ற நிலாவின் கருத்தை ஏற்கிறேன். 2017இல் அது இருந்திருந்தால் நான் இந்த விவாதத்தையே தொடக்கியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அதைத் தேர்தலுக்கு முன்நிபந்தனையாக வைப்பதை ஏற்க மாட்டேன். ஒன்றுக்கு ஒரு சாதாரணச் சட்டமூலம் போதும். மற்றதற்குச் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும், சில உறுப்புரைகளைத் தொட்டால் வாக்கெடுப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டினால், கனமானது நகரும்வரை இலகுவானதும் நகராது.

பம்பலப்பிட்டி நிலா:

பிரித்தே கட்டுங்கள், அண்ணா. ஆனால் தேர்தல் சட்டமூலம் குழுநிலைக்கு வரும் நாளில் உங்களுக்கு விடுமுறை கிடைத்தால் பொதுமக்கள் கலரியில் போய் உட்காருங்கள். என்ன செருகுகிறார்கள் என்று யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.