டூல் அண்ட் டை வேலை: பினாங்கிலேயே இருக்கலாமா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. என் தம்பி டூல் அண்ட் டையில், அதாவது தொழிற்சாலைகளுக்கு அச்சு செய்யும் வேலையில், எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) 3ஆம் நிலை முடித்துவிட்டு, பினாங்கு பிறையில் ஒரு சின்னப் பட்டறையில் இருக்கிறான். தகட்டை அழுத்தி வெட்டும் ஸ்டாம்பிங் டையின் பஞ்ச் (வெட்டும் முனை) மழுங்கினால் சர்ஃபேஸ் கிரைண்டரில் சாணை பிடித்து, ஷிம் (மெல்லிய தகடு) வைத்து உயரத்தைச் சரிசெய்து கொடுப்பான், கை சுத்தம். மின்பொறியால் உலோகத்தை அறுக்கும் வயர்கட் மெஷினும் ஓட்டுவான். ஆனால் புது டை வடிவமைக்கச் சொல்லித்தர அங்கே ஆளில்லை, அதுதான் என் கவலை.

பத்து காவான், புக்கிட் மின்யாக், கூலிம் பக்கம் மோல்டு, டை செய்யும் இடங்களில் இப்போது ஆள் எடுக்கிறார்களா? ஓவர்டைம் சேர்க்காமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) வரும்? இவன் சிங்கப்பூர் போகிறேன் என்கிறான். வாடகை, ஜொகூர் பாலத்து நெரிசல் எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று அம்மா கேட்கிறார், நியாயம்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். அப்புறம், அவன் முதலில் சாலிட்வொர்க்ஸ் (கணினியில் வடிவமைக்கும் மென்பொருள்) படிக்கட்டுமா, சிஎன்சி (கணினியால் இயங்கும் மெஷின்) புரோகிராமிங்கா?