அடிபட்ட பருந்துகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட வழி உண்டா?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கம் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வேட்டைப் பறவைகளைக் கிட்டத்தில் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசை. வெளிநாடுகளில் இதற்கென்றே மையங்கள் உண்டு. காயம் ஆறியும் பறக்க முடியாமல் போன பருந்து, ஆந்தைகளை வைத்துப் பராமரிப்பார்கள். கையுறை போட்டவர் கையில் பறவை உட்கார்ந்திருக்கும், பிள்ளைகள் கேள்வி கேட்கலாம். டெல்லி வசீராபாத்தில் நதீம், சவுத் சகோதரர்கள் மாஞ்சா நூலில் சிறகு அறுபட்ட கரும்பருந்துகளைத் தேற்றி விடுகிறார்கள். அவ்வளவு தூரம் நாங்கள் எங்கே போக?

வீட்டில் பிடித்து வளர்ப்பவர்களைக் கேட்கவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். குணமாகிப் பறக்கப்போகிற பறவையைக் கூட்டத்துக்குப் பழக்குவதும் சரியில்லை.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ வனத்துறையிலோ இந்தப் பறவைகளுக்கு வைத்தியம் பார்த்த யாரையாவது தெரியுமா? பள்ளிக்கு வந்து ஒரு மணி நேரம் பேசினால் போதும். முக்கியமாகக் கூகை என்கிற ஆந்தையைப் பற்றி. அது கத்தினால் இழவு விழும் என்று கல்லெறிகிற பயல்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். வயல் எலியைத் தின்று தீர்ப்பது அதுதான், மருந்து வைத்த எலியைத் தின்று சாவதும் அதுதான்.

அப்புறம், பனிக்காலத்தில் வடக்கேயிருந்து பூனைப்பருந்துகள் நம்ம பக்கத்துப் புல்வெளிகளுக்கு வரும், சாயங்காலம் தரையில் கூட்டமாக அடையும். தொந்தரவு இல்லாமல் தூரத்திலிருந்து காட்டத் தெரிந்தவர்கள், ரெண்டு பைனாகுலர் இரவல் தரக்கூடியவர்கள் சொல்லுங்கள். வேன் செலவு எங்கள் பொறுப்பு.