‘கெகாக்கி’ என்பதற்கு ‘மயிரிழை வரைதல்’

நண்பர்களுக்கு வணக்கம்.

சப்பானிய விலங்கோவியங்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க முடியாத சொல் ‘கெகாக்கி’; மெல்லிய தூரிகையால் மயிரை இழை இழையாக வரையும் முறையை அது குறிக்கும். அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக நம் குழுவில் முன்மொழியப்பட்ட ‘நுண்கோட்டு ஓவியம்’, ‘உரோம ஓவியம்’ ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. நுண்கோடு ஆடை மடிப்புக்கும் பூவிதழுக்கும்கூட உரியது. உரோம ஓவியம் என்றாலோ, உரோமத்தை ஒட்டிச் செய்த ஓவியம் என்றே படிப்பவர் கொள்வார்.

செயலைப் பார்த்தே சொல்லை முடிவு செய்ய வேண்டும். கியோத்தோ ஓவியர் தகெயுச்சி செய்ஹோ (1864–1942) 1924-இல் தீட்டிய பூனை, தோக்கியோவின் யமதானே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகை நக்கத் திரும்பிய அப்பூனை, தலையை அப்படியே வைத்துக்கொண்டு நம்மை ஏறிட்டுப் பார்க்கிறது. மென்மையான நிறப்பூச்சினால் உடலின் திரட்சியைக் காட்டி, அதன்மேல் மெல்லிய தூரிகை நுனியால் மயிரை இழை இழையாக இழுத்திருக்கிறார். உடல் வளையும் இடத்தில் இழைகளின் சாய்வும் வளைவதால்தான் தோலுக்கடியில் எலும்பும் தசையும் இருப்பதை நம் கண் உணர்கிறது. அவருக்கு முன்பே ஒசாக்காவில் வாழ்ந்து, குரங்கு ஓவியங்களால் பெயர்பெற்ற மோரி சோசெனும் (1747–1821) இதே முறையில் தேர்ந்தவர். ஆகவே இம்முறையின் உயிர் இழையில்தான் இருக்கிறது. அது சொல்லிலும் இருக்க வேண்டும்.

‘மயிர்’ வசைச்சொல்லாகிவிட்டது என்ற தயக்கத்தை நான் ஏற்கவில்லை. கவரிமாவைச் சொல்லும் குறளில் வரும் சொல், மயிர்க்கால், மயிர்க்கூச்செறிதல் என இன்றும் எவரும் கூசாமல் எழுதும் சொல், கலைச்சொல்லில் மட்டும் ஏன் ஒதுக்கப்பட வேண்டும்? மனிதரின் தலைமுடியை வரைவதையும் கெகாக்கி குறிப்பதால், ‘விலங்கு’ என்னும் அடையும் வேண்டியதில்லை.

‘மயிரிழை வரைவு’ என்றே முதலில் எண்ணினேன். ஆனால் சட்ட வரைவு, அறிக்கை வரைவு என்ற வழக்கு வேரூன்றிவிட்டதால், முற்றுப்பெறாத படம் என்ற மயக்கம் நேரும். எனவே செயலுக்கு ‘மயிரிழை வரைதல்’ என்றும், தூரிகை இடும் கோட்டுக்கு ‘மயிரிழைக்கோடு’ என்றும் முன்மொழிகிறேன். பறவை இறகுக்கு இதையே நீட்டாமல், ‘தூவி வரைதல்’ எனத் தனியே வைத்துக்கொள்ளலாமா என்பதையும் உறுப்பினர்கள் ஆராய்ந்து எழுத வேண்டுகிறேன்.